முனியப்பன் பங்குப் பீடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். கோர்வையாக எழுத வருமோ வராதோ என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கூச்சம், முழுசாக எழுதினால் முனியப்பனைக் கேலி பண்ணியதாக ஆகிவிடுமோ என்பது. அவர் எங்கள் குடும்பத்துக்குச் செய்திருக்கிற நல்லதுக்கு அப்படி ஒரு பேச்சு என் கையால் வரக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைக்கு வருகிற பெண்களிடம் வாயால் சொல்வேன், அதையும் பாதியோடு நிறுத்திக்கொள்வேன்.

கொஞ்ச நாள் முன்பு கோயிலில் ஒரு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அவர் வீட்டுக்காரர் மீசை முளைத்த நாளிலிருந்து பீடி குடிக்கிறாராம். "இத்தினி வருசம் குடிச்சாச்சு, இனிமே வுட்டு இன்னா ஆவப்போவுது" என்று அவரே கையை விரித்துவிட்டாராம். அந்த அம்மாவுக்கு என் அப்பா கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் தீபாராதனை மணி அடித்துவிட்டது. எழுந்தவர் கூட்டத்தில் எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. பாதியில் நின்ற கதை யாருக்கும் உதவாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த அம்மா எங்கேயாவது இதைப் படிக்க வேண்டும். முனியப்பா, தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்.

அப்பா மினி லாரி ஓட்டினார். வண்டி முதலாளியுடையது. கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற காலத்தில், வெள்ளிமலைப் பக்கம் போய் மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி மில்லுக்குக் கொண்டுவந்து இறக்குவார். மற்ற நாளில் செங்கல், உரம், கல்யாணத்துக்குப் பாத்திரம், எது கிடைத்தாலும். அம்மாவின் தம்பி, என் மாமா, அதே வண்டியில் மூட்டை தூக்கினார். நாங்கள் கச்சிராயபாளையத்துக்குக் கிட்டே இருந்தோம். வீட்டு வாசலில் நின்று பார்த்தால் மலை நீலமாகத் தெரியும்.

அப்பாவிடம் எந்நேரமும் பீடி வாசனை அடிக்கும். கிளீனராகப் போன சின்ன வயசிலேயே மலைக் குளிருக்கு என்று ஆரம்பித்தது. சட்டை, துண்டு, தலைமுடி, என் கன்னத்தைக் கிள்ளுகிற விரல், எல்லாவற்றிலும் அதே வாசனை. அது அப்பாக்களுக்கு என்றே இருக்கிற வாசனை என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூட வாத்தியாரிடம் அது வரவில்லை. பாவம், அவருக்குப் பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று இரக்கப்பட்டேன்.

மலைப்பாதை தொடங்குகிற இடத்தில், புளியமரத்தடியில் முனியப்பன் இருக்கிறார். சிமெண்டில் செய்த சாமி. பெரிய மீசை, உருட்டின கண், கையில் அரிவாள். ஏறுகிற வண்டி எதுவும் அங்கே நிற்காமல் போகாது. சிலர் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், சிலர் சூடம் ஏற்றுவார்கள். அப்பா வைப்பது பீடி. கட்டிலிருந்து ஒன்றை உருவி, தன் வாயில் வைத்துப் பற்றவைத்து, நெருப்பு நன்றாகப் பிடிக்கிறவரை இழுத்து, சாமி காலடியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் சொருகுவார். பிறகு அதே தீக்குச்சியின் சூடு ஆறுவதற்குள் தனக்கு ஒன்று. சாமி ஒரு பக்கம் குடிப்பார், அப்பா ஒரு பக்கம் குடிப்பார். சாமியுடையது சாம்பலான பிறகுதான் வண்டியை எடுப்பார்.

லீவு நாளில் என்னையும் கூட்டிப்போவார். சாமியின் பீடி தானாகக் கனன்று தானாகக் குறைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் குடிக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அப்பாவுக்கு இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும். அப்புறம் சாப்பிடும்போது, படிக்கட்டு ஏறும்போது, சிரிக்கும்போதுகூட. அப்பா சிரிப்பதற்குப் பயப்பட ஆரம்பித்தார். மாமா ஏதாவது வேடிக்கை பேசினால் கையை ஆட்டி, "டேய், வாணாம்டா, இருமவுட்டுப் பாக்காத" என்பார். அம்மா தூதுவளை கொடுத்தார், மிளகு கஷாயம் கொடுத்தார், கடைசியில் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. முதுகில் குழாய் வைத்துப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், எல்லாம் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா?" என்றார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "நினைவு தெரிஞ்ச நாளா" என்றார்.

"சரி, போனது போகட்டும். இன்னும் கெட்ட வியாதியா ஆகலை, அது உங்க அதிர்ஷ்டம். இன்னைக்கு நிறுத்தினா இன்னைலேர்ந்தே உடம்பு தேற ஆரம்பிக்கும். ரொம்ப வருஷம் ஆச்சு, இனிமே என்னன்னு மட்டும் நினைக்காதீங்க. எப்ப விட்டாலும் லாபம்தான்" என்றார்.

பிறகு குரலைக் கொஞ்சம் தணித்து, நிறுத்தின புதிதில் இருமலும் சளியும் கூடுகிற மாதிரி தெரியலாம், கோபம் வரும், தூக்கம் வராது, அதெல்லாம் போகப்போகச் சரியாகும், தாங்க முடியாவிட்டால் தயங்காமல் வந்து பாருங்கள் என்று சொன்னார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்பாவுக்குச் சொன்னதை அம்மாதான் மனப்பாடம் பண்ணினார்.

அப்பா ரோஷக்காரர். பஸ் ஏறுவதற்கு முன்பே பீடிக்கட்டைச் சாக்கடையில் போட்டார். வீட்டுக்கு வந்து பொட்டுக்கடலையை மென்றுகொண்டே உட்கார்ந்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார் என்றே சொல்ல வேண்டும். அடுத்த நாளும் குடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அப்புறம் கிழங்கு ஏற்ற மலைக்குப் போனார். திரும்பி வரும்போது சட்டைப்பையில் புதுக்கட்டு இருந்தது.

"இன்னாங்க இது?" என்று அம்மா கேட்டார்.

"சாமிக்கு வாங்கனது."

"சாமிக்கு ஒண்ணு போதாதா? கட்டு இன்னாத்துக்கு?"

"கடைக்காரன் ஒண்ணா குடுப்பான்?"

"சரி, மிச்சம் எங்க?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் நெஞ்சு சொல்லிவிட்டது. அப்படி ஒரு இருமல்.

இதுவே வழக்கமாகிப்போனது. கீழே இருக்கிற நாளில் விட்டுவிடுவார். மலைக்குப் போகிற அன்று முனியப்பனுக்குப் பற்றவைப்பார். பற்றவைக்க இழுக்க வேண்டும். இழுத்துவிட்டால் அப்புறம் கையை யார் பிடிப்பது? "உங்கள கெடுக்கறது நீங்க. பழி மட்டும் முனியப்பன் மேலயா?" என்று அம்மா சத்தம் போட்டால், அப்பாவுக்குக் கோபம் வரும்.

"பழி இன்னாடி பழி? அந்த வளைவெல்லாம் லோடோட நான் திருப்பறன்னு நெனச்சிக்கினு கீறியா? அவரு திருப்பறாரு. இத்தினி வருசம் அவருக்குக் குடுத்துட்டு இப்ப எனக்கு நெஞ்சு வலிக்குதுன்னு நிறுத்திக்கினா, அவரு இன்னா நெனப்பாரு? அவருக்கு மட்டும் தனியா குடுத்துட்டு நான் சும்மா நின்னா, வெசம் வெச்சிட்டன்னு நெனக்க மாட்டாரா?"

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அப்பா விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பாதையில் விழுந்த வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். பீடியின் மேல் இருந்த ஆசையும் சாமியின் மேல் இருந்த பயமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எது எது என்று அவருக்கே தெரியாமல் போயிருந்தது.

என் கவலை வேறாக இருந்தது. "அம்மா, அப்பாவுக்கே இப்படி இருமுதே, முனியப்பனுக்கு எல்லா டிரைவரும் பீடி குடுக்கறாங்களே, அவரு நெஞ்சு இன்னா ஆவும்?" என்று கேட்டேன். அம்மா என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு அவர் முகம் என்னவோ போல் ஆனது. யோசிக்கிற முகம்.

அந்த வாரமே அது நடந்தது. கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கி வரும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண் இருட்டிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து மலைப் பக்கமாக ஒடித்திருக்கிறார். அப்பா எப்படியோ பிரேக்கை மிதித்துவிட்டார். வண்டி பாறையில் உரசி நின்றது. மூட்டை இரண்டு சரிந்தது, ஆளுக்கு ஒன்றும் இல்லை.

அப்பா வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமாதான், அம்மா பாத்திரம் துலக்குகிற இடத்துக்கு வந்து குந்திக்கொண்டு சொன்னார்.

"அக்கா, இன்னிக்கி வண்டிய நான் புடிச்சேன். முனியப்பன் புடிக்கல."

"வாயக் கழுவுடா" என்று அம்மா சாம்பல் கையாலேயே அவர் தோளில் ஒன்று வைத்தார். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் எல்லாம் காதில் விழுந்தது. அப்பா பீடியை விடவில்லை என்றால் நெஞ்சு போகும், இல்லையென்றால் வண்டியோடு எல்லோரும் போவார்கள். அந்த அளவுக்கு எனக்கும் புரிந்தது.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அப்பாவிடம் சண்டை போடவில்லை. "நீங்க சொல்றதும் நியாயம்தாங்க. அவருகிட்ட கேக்காம நிறுத்தறது தப்பு. கேட்டுடலாம். பூ கேட்டுடலாம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்துக்குச் சாமியின் உத்தரவு வேண்டுமென்றால் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வெளியே தெரியாமல் மடித்து, நூல் சுற்றி, சாமி காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத சின்னப் பிள்ளையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. பெண் பார்க்கப் போகலாமா, கிணறு வெட்டலாமா, எல்லாவற்றுக்கும் இப்படித்தான்.

அப்பாவால் மறுக்க முடியவில்லை. சாமியைக் கேட்க வேண்டாம் என்று அவர் எப்படிச் சொல்வார்?

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றி, பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லி, பாவாடை கட்டிவிட்டார். காலி வண்டியில் நாலு பேரும் போனோம். வழியெல்லாம் மாமா அப்பாவைச் சீண்டிக்கொண்டே வந்தார்.

"மாமா, செவப்புப் பூ வந்துட்டா இன்னா பண்ணுவ?"

"வந்தா வரட்டும். சாமி சொன்னா கேக்க வேண்டியதுதான்."

"கேப்ப, கேப்ப. இன்னும் ரெண்டு கட்டு ஜாஸ்தியா வாங்கிக்கினு கேப்ப."

அப்பா சிரிக்கப் போனார். இருமல் வந்துவிடும் என்று அடக்கிக்கொண்டார்.

முனியப்பனுக்குச் செவ்வாய்க்கிழமை பூஜை பண்ண மலையிலிருந்து ஒரு பூசாரி இறங்கி வருவார். நாங்கள் போனபோது வேறொரு குடும்பத்துக்குக் கோழி அறுத்துக்கொண்டிருந்தார். அது முடிந்து எங்களிடம் வந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு.

"இதுக்காம்மா பூ கேக்கற? ஒலகத்துல இருக்கற வண்டியெல்லாம் அவருக்குக் குடுக்குது. உன் வூட்டுக்காரரு ஒர்த்தர் கம்மியானா அவருக்கு இன்னா நட்டம்?"

"அத நீங்க சொன்னா இவரு கேக்க மாட்டாருங்க. அவரு சொல்லட்டும்" என்றார் அம்மா.

அம்மா இடுப்பு முடிச்சிலிருந்து வெள்ளரளியும் செவ்வரளியும் நாலைந்து எடுத்துக் கொடுத்தார். பூசாரி தன் கையைக் காட்டினார். கோழி ரத்தம். "இந்தக் கையால மடிக்கக் கூடாது. யாராச்சும் மடிச்சிக்கினு வாங்க" என்றார். அம்மாவும் அப்பாவும் மடிக்கக் கூடாது, கேட்கிறவர்கள் அவர்கள். மாமா பூவை வாங்கிக்கொண்டு, பூவரச இலை பறித்து வருகிறேன் என்று வண்டிக்கு அந்தப் பக்கம் போனார்.

போனவர் வரவே இல்லை.

"டேய், பூ மடிக்கிறியா, சாக்கு தெய்க்கிறியா?" என்று அப்பா குரல் கொடுத்தார்.

"நூலு அந்துபோச்சி மாமா."

மாமா ஒருவழியாக வந்தார். இரண்டு பொட்டலமும் அச்சு அசல் ஒன்று போல இருந்தன. சாமி காலடியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் புளியமரத்து உச்சியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சாமிக்கு முன்னால் நின்றார். மந்திரம் எல்லாம் இல்லை. தெருவில் ஒருத்தரிடம் நியாயம் கேட்பது போலத்தான் கேட்டார்.

"எப்பா முனியப்பா, உனக்குக் கொறை வெக்கணும்னு நாங்க நெனக்கல. இந்த மனுசன் நெஞ்சு போயிக்கினு கீது. இவரு போயிட்டா அப்புறம் உனக்கு யாரு குடுப்பா, எங்களுக்கு யாரு குடுப்பா? உனக்குப் பொகைதான வேணும்? பீடிப் பொகைக்குப் பதிலா சாம்பிராணிப் பொகை போடறோம். மலை ஏறுறப்பவும் போடறோம், எறங்குறப்பவும் போடறோம். உனக்கு அதுல சம்மதம்னா வெள்ளப் பூவக் குடு. வளைவுல கூட நில்லு. சம்மதம் இல்லன்னாலும் சொல்லிடு."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. பூசாரி சிரிப்பதை நிறுத்திவிட்டார். அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. என்ன வேண்டினார் என்று தெரியாது.

என்னை முன்னால் தள்ளினார்கள். விவரம் தெரியாத பிள்ளை என்று பெயர், ஆனால் எனக்கு எல்லா விவரமும் தெரியும். தெரிந்ததுதான் கஷ்டம். இரண்டு பொட்டலத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எதைத் தொட்டாலும் அது சிவப்பாக இருக்கும் என்று தோன்றியது. உருட்டின கண்ணால் அவர் என்னையே பார்த்தார். உனக்கும் நெஞ்சு வலிக்காது முனியப்பா, சாம்பிராணி நல்லது என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, அவருடைய கால் விரலை ஒட்டியிருந்ததை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தேன்.

பூசாரி கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு நூலைப் பிரித்தார். இலையை விரித்தார்.

வெள்ளரளி.

அம்மா அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கவே இல்லை, முதுகு மட்டும் குலுங்கியது. கோழி அறுக்க வந்த பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி குனிந்து, மீதி இருந்த பொட்டலத்தை எடுக்கப் போனார். இரண்டையும் பிரித்து எல்லோருக்கும் காட்டுவதுதான் வழக்கம். இது வெள்ளை, அது சிவப்பு, சரியாகத்தான் கேட்டோம் என்று நாலு பேர் பார்க்க வேண்டும்.

அப்பா அதன்மேல் கையை வைத்து மூடினார்.

"வாணாங்க."

"காட்றது மொறைப்பா."

"அவரு சொல்லிட்டாரு. மறுபடியும் சோதிச்சா நல்லா இருக்காது."

பூசாரி அப்பாவைப் பார்த்தார், மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தார். பிறகு, "உன் இஷ்டம்" என்று விபூதித் தட்டை எடுக்கப் போய்விட்டார்.

அப்பா சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்தார். மாமா வழக்கம்போல் தனக்கும் ஒன்று கேட்டுக் கையை நீட்டினார். "உனக்கும் கெடையாது" என்று சொல்லிவிட்டு, கட்டைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பிழிந்து குப்பையில் போட்டார். தீப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, சாம்பிராணி ஏற்றினார். புகை முனியப்பன் மீசை வரைக்கும் போனது. அவர் இருமவில்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

திரும்பும்போது கோமுகி ஆற்றுப் பாலத்தில் அப்பா வண்டியை நிறுத்தினார். பிரிக்காத பொட்டலம் அவரிடம்தான் இருந்தது. எடுத்துத் தண்ணீரில் போட்டார். நான் அழுதேன். அதிலிருப்பது சிவப்பு அரளி, என் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். "எனக்குக் குடுத்திருக்கலாம் இல்ல?" என்று கேட்டேன். "அது சாமியோடதும்மா" என்றார். பச்சைப் பொட்டலம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. நல்ல பூவை வீணாக்கிவிட்டாரே என்று எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.

உத்தரவு கிடைத்த பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். டாக்டரம்மா சொன்னது அத்தனையும் நடந்தது. சளி கூடியது. அப்பா எரிந்து விழுந்தார். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார், நான் பாடம் படித்தால் சத்தம் அதிகம் என்றார், படிக்காமல் இருந்தால் ஏன் படிக்கவில்லை என்றார். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. அவர் கிராம்பும் தண்ணீரும் கையோடு வைத்திருந்தார். ஆசை வரும்போது, "இருங்க, இந்த டீ ஆறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். டீ ஆறுவதற்குள் அந்த வேகம் தணிந்துவிடும். மறுபடி வரும், மறுபடி ஒரு டீயோ ஒரு நடையோ. டீக்கடையையும் மாற்றிக்கொண்டார் அப்பா, பழைய கடையில் எல்லார் வாயிலும் புகை. அங்கே இருந்தவர்கள், "இன்னா டிரைவரே, சாமியாரா பூட்டியா?" என்று கேட்டார்கள். "ஆமா, முனியப்பன் மடத்துல" என்று பதில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஒருமுறை தவறியும் இருக்கிறது. ரிஷிவந்தியத்தில் ஒரு சாவு வீட்டில் யாரோ நீட்ட, வாங்கிக் குடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து, எல்லாம் போச்சு, சாமிக்கு முன்னால் சொன்னது போச்சு என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். அம்மா, "ஒண்ணு குடிச்சீங்க, ஒண்ணோட போச்சி. நாளைக்குச் சாம்பிராணி போடுங்க" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டார். அன்று அம்மா திட்டியிருந்தால் அப்பா மறுபடி கட்டு வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். வீட்டில் இருக்கிற பெண்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஒருநாள் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னா ரசம் இன்னிக்கி, வாசனை தெருமொனை வரிக்கும் வருது?" என்று கேட்டார். அம்மா கரண்டியோடு வெளியே வந்து அவரைப் பார்த்தார். "தினிக்கும் வெக்கற ரசம்தாங்க" என்றார். சொல்லும்போதே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். சிரித்து முடித்தார். இருமல் வரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஏன் அப்படி நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் நான் சோற்றுக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இன்றும் இருக்கிறார். வண்டியை விட்டுவிட்டார், பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருகிறார். இப்போதும் மலைக்குப் போனால் முனியப்பனுக்குச் சாம்பிராணிதான். இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் சாம்பிராணி.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, மாமா வீட்டு விசேஷத்துக்குச் சங்கராபுரம் போயிருந்தேன். பந்தி முடிந்து அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். கேட்டேவிட்டேன். "மாமா, அந்த இன்னொரு பொட்டலத்துல இன்னா பூ வெச்சிருந்த?"

மாமா வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு சொன்னார்.

"ஏம்மா, உங்கப்பனே கேக்கல. உனக்கு இன்னா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாமா வண்டிக்குப் பின்னால் இவ்வளவு நேரம் என்ன செய்கிறார் என்று குரல் கொடுத்துக் கேட்டவரே அப்பாதான். அவருக்கு ஒரு சந்தேகம் வராமல் இருந்திருக்காது. பிரித்து, அதிலும் வெள்ளை இருந்திருந்தால், இது சாமி சொன்னதில்லை, மச்சான் சொன்னது என்று ஆகியிருக்கும். அன்று சாயங்காலமே ஒரு கட்டு வாங்கியிருப்பார். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பழையபடி குடிக்க அவருக்கு ஒரு நல்ல காரணம் அந்த இலைக்குள் இருந்திருக்கலாம். அந்தக் காரணத்தை அவர் பார்க்கவே விரும்பவில்லை. கையை வைத்து மூடினார். பூவில் வந்த உத்தரவு பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கையை நீட்டவைத்தது முனியப்பன்தான் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

விட நினைக்கிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு பொட்டலம் இருக்கும். வேலைப்பளு, ராத்திரி டியூட்டி, காலையில் டீயோடு ஒன்று இல்லாமல் வயிறு இறங்காது, இத்தனை வருஷம் ஆகிவிட்டது. பிரிக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் போய் வெட்கப்படாமல் கேளுங்கள், வீட்டில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், தவறினால் மறுநாள் திரும்ப நிறுத்துங்கள். அப்பாவே நிறுத்தினார் என்றால் யாராலும் முடியும்.

கோயிலில் என் பக்கத்தில் அழுத அந்த அம்மாவை உங்களில் யாராவது பார்த்தால் இதைச் சொல்லுங்கள். அவரைப் போல இருக்கிற வேறு யாருக்கும் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். கேட்கிறவர்கள் கடைசியில், "அப்ப அதுல இன்னா பூதான் இருந்திச்சி?" என்று கேட்பார்கள். சுவாரசியத்துக்காகக்கூட நீங்களாக ஒரு நிறம் சொல்லிவிடாதீர்கள். அப்பா அதை ஆற்றில் விட்டுவிட்டார்.